வாசலில் கிழித்த சந்தாக் கடிதம்

கறுப்புக் கட்டம் போட்ட கடிதம் வந்தால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். யாருக்குக் கருமாதி என்று வாசலிலேயே பார்த்துவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். அன்று கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. போனது யாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே கிழித்தேன். துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தால், ஒன்றில் என் பெயர். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘இறுதி அறிவிப்பு’.

சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பிள்ளைகளை மிரட்டியவள் நான். சாவுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் இன்னொரு துண்டில் ‘உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்காவிடில் ஓய்வூதியம்’ என்பதுவரை இருந்தது. மிச்சம் சாக்கடையில் போய்விட்டது. பென்ஷன் நின்றால் திண்டுக்கல்லில் இந்த வீட்டில் நான் எப்படித் தனியாக இருப்பது? என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக மகன் எப்போதடா சாக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கிறான். தங்கமான பிள்ளைதான். ஆனால் அங்கே குழம்புக்கு உப்புப் போடக்கூட மருமகளைக் கேட்க வேண்டும். அவனிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

துண்டில் மிஞ்சியிருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். மூத்தோர் நலச் சங்கமாம். நான் எந்தக் காலத்தில் உங்கள் சங்கத்தில் சேர்ந்தேன் என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள். அவ்வளவு பயம். அந்த ஆள் வாய்க்கு வாய் அம்மா என்றான். வீட்டில் வேறு யார் என்றான், யாருமில்லை என்றேன். வாரிசு யார் என்றான். மகன் நம்பரைக் கொடுத்தேன். காலையில் வீட்டுக்கே ஆள் வரும், ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்து வையுங்கள் என்றான். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கருவூலத்துக்குப் போய்க் கேட்டால், பென்ஷனுக்கும் அந்தச் சங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, கதவைத் திறக்காதீர்கள் என்றார்கள்.

போனை அணைத்துவிட்டு ராத்திரி பூராவும் உட்கார்ந்திருந்தேன். காலையில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் என் பெயரைச் சொல்லி, இருக்கிறார்களா என்று கேட்டான். கிரில்லுக்கு உள்ளிருந்தே வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அந்தம்மா நேத்தே தவறிப்போச்சு தம்பி. நான் சொந்தக்காரி.”

போய்விட்டான். அடி சாமர்த்தியக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு காபி போட்டேன்.

மத்தியானம் கேட்டைப் பிடித்து உலுக்குகிற சத்தம். ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அடுப்படியில் ஒளிந்தேன். பிறகு, அம்மா என்று குரல் கேட்டது. என் மகன்.

அந்தச் சங்கத்து ஆட்கள் அவனுக்குப் போன் செய்து, அம்மா காலமானதற்கு வருந்துகிறோம், சந்தா பாக்கியைக் கட்டினால் ஈமச்சடங்குத் தொகை கிடைக்கும் என்றிருக்கிறார்கள். என் போனோ அணைந்து கிடந்தது. கதவைத் திறந்தபோது அவன் கையில் பெரிய ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். திட்டவில்லை.

“இன்னொரு தடவ என்னால தாங்க முடியாதும்மா,” என்றான்.

நான் உள்ளே போய்ப் பையில் சேலைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.