கிடாயின் உத்தரவு

எட்டயபுரம் சாலையோரக் கோயிலில், தாமிரபரணியிலிருந்து என்றோ வந்த முதலை மண்டையோட்டைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அது இதுவரை தெரியாத தனி இனமா என்று மரபணுவில் பார்க்க, என் மகள் மீனாவுக்கு எலும்புப்பொடி வேண்டும். இவ்வளவு பழைய எலும்பு வேறெங்கும் அகப்படவில்லை. வனத்துறையின் அனுமதிக் கடிதத்தை விதிப்படி நானே வாங்கிவந்திருக்கிறேன்.

பூசாரி அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. வாசலில் கட்டியிருக்கும் கோயில் கிடாயின் தலையில் தண்ணீர் தெளிக்கிறார். உடம்பை உதறினால் சாமி சம்மதம். கிடாய் வெயிலுக்கு இதமாகக் கண்ணை மூடுகிறது. மீனாவின் முகம் வாடுகிறது. மறுபடி தெளித்ததும் ஒரு காது மட்டும் ஆடுகிறது.

"பாதி உத்தரவுதான் அண்ணாச்சி. கேட்டதுல பாதி சுரண்டிக்கிடுங்க."

"போதுமா?" என்று மகளைக் கேட்கிறேன்.

"அதுக்குத்தான்பா ரெட்டிப்பாக் கேட்டேன்."

அலுவலகத்தில் நான் பட்ஜெட் போட்ட முறை.