தானாக ஒலித்த கம்பி

பியானோ பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்டெல்லா ஆன்ட்டியின் பழைய சதுரப் பியானோவுக்காக நெய்வேலிக்கு வந்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் நிலக்கரித் தூசியின் வாசனை எழுந்தது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஆன்ட்டி எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஷிப்டுக்குப் போன அவர் கணவர் முத்தாண்டிக்குப்பம் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். அதன்பிறகு மதியங்களில் அந்தப் பியானோவில் ஒரே ஒரு சுரம் தானாக ஒலித்தது.

"மைன்ஸ்ல வெடி வெச்சா வூடே ஆடுதுல்ல, அதான்" என்றார் அம்மா.

வெடி வைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அது ஒலித்தது. கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"வந்துட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து ஆன்ட்டி கேட்டார். நான் எங்கள் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இன்று காரணம் தெரிந்தது. ஒரு கம்பியின் அதிர்வை அடக்கும் கம்பளித் துண்டைப் பூச்சி அரித்திருந்தது. புதுத் துண்டு ஒட்டினேன். மதியம் வெடி வைத்தபோது ஜன்னல் அதிர்ந்தது. பியானோவில் சத்தமே இல்லை.

எண்பதைத் தாண்டிய ஆன்ட்டி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவரு இன்னும் வரலியே?"

ஒட்டிய கம்பளித் துண்டைப் பிய்த்தெடுத்தேன். மூடியைச் சாத்திவிட்டு ஆன்ட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே எந்த வெடிச்சத்தமும் இல்லை. கம்பி ஒலித்தது.