வெறும் வயிற்றோடு போன சர்ஜரி

போன செவ்வாய்க்கிழமை பித்தப்பைக் கல்லை எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இப்போது நாங்கள் இருக்கும் ஊரில் பிரெஞ்சுதான்; தாதி அதில் ஏதோ கேட்டாள். புறநகரான ரொக்ஸ்பரோவிலிருந்து என்னைக் காரில் கூட்டிவந்த மகள், "அம்மா, காலமை ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முந்தியும் ஒருக்கா சர்ஜரிக்கு வெறும் வயித்தோட போனனான். அங்க டொக்டர் இல்லை, எம்.பி.தான் இருந்தவர்" என்றேன். மயக்க ஊசிக்கு முன்பே எனக்கு மயக்கம் என்று மகள் நினைத்திருப்பாள்.

அது லண்டன். இங்கே வருவதற்கு முன், அகதிகளாக நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த புதிது. என் கணவரைத் தடுப்பு முகாமில் வைத்து, திருப்பி அனுப்ப விமானத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "சனிக்கிழமை எம்.பி.யின்ர சர்ஜரிக்குப் போ பிள்ளை" என்றா. மனைவியின் உடம்பைச் சோதித்துத்தான் கணவனை விடுவார்களாக்கும் என்று முதல்நாள் பின்னேரத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் ஆங்கிலம் அவ்வளவுதான்.

போனால் நூலகத்தின் பின்னறை, ஒரு மேசை, ஒரு மனிதர். அவர்தான் எம்.பி. தொகுதி மக்களின் குறையை எம்.பி. கேட்பதற்கு அந்த நாட்டில் 'சர்ஜரி' என்று பெயராம். தலை சுற்றிக் கதிரையில் சரிந்தேன். காரணம் கேட்டு அவர் சிரிக்கவில்லை. தன் முட்டை சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளி, தின்று முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் பேனாவை எடுத்தார். உள்துறைக்குக் கடிதம் எழுதி, பிரதி ஒன்றை எனக்கும் தந்தார். அந்தக் கடிதத்தால் விமானம் என் கணவரில்லாமல் பறந்தது. வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

இடையில் அவர் அமைச்சரானார். எங்கள் நாட்டில் அமைச்சர் வந்தால் வீதியை மறிப்பார்கள். இவரோ அடுத்த சனிக்கிழமையும் அதே கதிரையில்! வடை சுட்டுக்கொண்டு போனேன். நூலகம் முழுக்க வெங்காய வாசனை. அவர் முதலில் கேட்டது, நான் சாப்பிட்டேனா என்பதுதான். பிறகு அமைச்சராகவும் ஒரு கடிதம் எழுதி, முன்போலப் பிரதி தந்தார்.

பிறகு எங்களைப் போன்றவர்களை விரைவாகத் திருப்பி அனுப்ப ஒரு சட்டம் வந்தது. ஆதரித்துக் கை தூக்க மாட்டேன் என்று அவர் அமைச்சர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை அமைச்சர் கார் இல்லாமல் பேருந்தில் வந்து இறங்கினார். ஒரு மனிதர் இப்படியும் செய்வாரா என்று வாயைப் பிளந்தேன். அந்த வியப்பு இன்னும் தீரவில்லை. அடுத்த தேர்தலில் சனம் அவரைத் தோற்கடித்தது.

எங்கள் வழக்குக்கு இறுதி முடிவு வரவிருந்த மாதம் அது. பழக்கதோஷத்தில் நூலகத்துக்குப் போனேன். அவர் தன் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதவி முத்திரை அச்சிட்ட கடிதத்தாள் இனித் தன்னிடம் இல்லை என்றார். பிறகு ஒரு வெறுந்தாளை எடுத்துக் கையால் எழுதினார். பெயருக்குக் கீழே பதவி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் என் கணவருக்கு அனுமதி கிடைத்தது. எதைப் பார்த்துக் கொடுத்தார்களோ, அந்த வெறுந்தாளைப் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் பழைய கோப்பை எடுக்கச் சொன்னேன். என் கணவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இஞ்சாருமப்பா, அந்த வெறுந்தாள் கடிதத்தைக் கொப்பி எடுத்து வைக்கேல்லையே நீர்?" என்றார்.

பிரதி எடுக்கவில்லை. அந்த நூலகம் இப்போது அடுக்குமாடியாம். கடிதம் எழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எம்.பி. எழுதியதும் அமைச்சர் எழுதியதும் முத்திரையோடு என் மடியில் கிடக்கின்றன. இரண்டுமில்லாத அந்த மனிதர் எழுதியதுதான் என்னிடம் இல்லை.