தவக்காலத்துத் தகப்பன்

என் நாட்குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்: ‘வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளி. ஜெனிற்றாவைத் தகப்பனிடமே ஒப்படைக்கும்படி நீதவான் உத்தரவு. நல்ல வெயில்.’

வெயில் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஆத்திரம் வந்தால் நான் வானிலை எழுதுகிறவன்.

ஜெனிற்றா என் சித்தப்பாவின் பேத்தி. வயது ஒன்பது. தாய் அகதி முகாமில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் சூசைக்குப் பேசாலைக்கு அப்பால் கடல்தொழில். கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ் கிடைக்காத நாட்களில் குடி, குடித்தால் அடி. மார்கழி நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் துடுப்பால் அடித்ததில் பிள்ளையின் கை முறிந்தது. தாயின் தமக்கை, பெரியம்மா ரோசலின், பிள்ளையைத் தன்னோடு கூட்டி வந்து, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நீதிமன்றம் போனாள்.

கட்டுப் போட்ட கை கண்முன்னே. இதில் என்ன சிக்கல் என்றுதான் நானும் நினைத்தேன்.

வழக்கின் முதல் தவணைக்குப் படையினர் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த தவணைக்கு ஊரடங்கு. அதற்கடுத்ததற்கு நீதவான் வரவில்லை. கடைசியில் நீதிமன்றம் அனுப்பிய நன்னடத்தை உத்தியோகத்தர் சூசையின் வீட்டைப் பார்க்கப் போனபோது பிள்ளையின் கட்டும் அவிழ்த்தாயிற்று. தவக்காலமும் பாதி போயிற்று.

எங்கள் கரையில் தவக்காலத்தில் குடிகாரர் கிடையாது. ஆண்டு முழுவதும் தள்ளாடுகிறவனும் திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுவரை சாராயத்தைத் தொடமாட்டான். உத்தியோகத்தர் வெளியூர்க்காரர், கத்தோலிக்கரும் அல்ல. அவர் கண்டது கூட்டிய முற்றம், சவரம் செய்த முகம், கோயிலில் முன்னுக்கு நின்று சிலுவைப்பாடுகளின் பசாம் படிக்கும் பக்திமான். ‘மதுவை முற்றாகக் கைவிட்டுள்ளார்’ என்று எழுதிவிட்டார். அயலவரை விசாரித்தாராம்... அதுவும் உண்மைதான்.

அந்த அயலவர் பிலோமினாக்காவை நீதிமன்ற வாசலில் பிடித்தேன்.

“ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?”

“ஆர் பொய் சொன்னது? ‘குடிக்கிறாரோ’ எண்டு கேட்டவர். ‘இல்லை’ எண்டனான். தவக்காலத்திலை ஆர் தம்பி குடிக்கிறது?”

“முந்திக் குடிச்சதைச் சொல்லியிருக்கலாமே?”

“கேட்டால் சொல்லியிருப்பன். கேளாததையெல்லாம் சொல்ல நான் என்ன ரேடியோவோ?”

பக்கத்தில் நின்ற ரோசலினுக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை குழறி அழேக்கை மட்டும் உங்கடை ரேடியோவை நிப்பாட்டிப் போடுவியள், என்னக்கா?”



உள்ளே எங்கள் சட்டத்தரணி தவக்காலக் கதையைச் சொல்லத்தான் செய்தார். அறிக்கையில் அப்படி இல்லையே என்றார் நீதவான். “தகப்பனைத் தேடி எத்தனை பிள்ளைகள் அலைகிற காலம் இது! இருக்கிற தகப்பனிடமிருந்து நான் பிரிப்பதா?” மண்டபத்தில் தலைகள் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல் அடித்தால் ஓடி ஒளியப் பங்கர் வெட்டி வைத்திருக்கிறோம். தகப்பன் அடித்தால் எங்கே ஓடுவது?

பிள்ளையைப் பிரிப்பது கடைசி வழி — ஒப்புக்கொள்கிறேன். விடுதியில் வளர்வது சுகமல்ல. ஆனால் இங்கே சோறும் பாயும் வைத்துக்கொண்டு ஒரு பெரியம்மா நின்றாள். முறிந்த கை ஒன்று போதாதா? வீடு இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். வருடம் முழுவதும் எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை. பிள்ளை மண்டபத்து வாங்குப் பலகையில்தான் இருந்தாள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள்தான் என்னிடம் கேட்டாள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில்.

“மாமா, உயிர்த்த ஞாயிறு எப்ப வருது?”

“நாளையிண்டைக்கு வாற ஞாயிறு இல்லை, அதுக்கு அடுத்த ஞாயிறு.”

“அப்ப அதுவரைக்கும் பயமில்லை.”

எந்தத் திகதியைக் கேட்டாலும் சொல்லிவிடுகிறவன் என்று எனக்கொரு பெருமை உண்டு. அன்றைக்கு ஏன்தான் சொன்னேனோ என்று இருந்தது.

ரோசலின் மறுபடி மனுப் போட்டாள். வைகாசியில் திகதி கொடுத்தார்கள்! உயிர்த்த ஞாயிறு வைகாசிவரை காத்திருக்குமா?

அந்த ஞாயிறு மாலை சூசையின் வீட்டில் அழுகுரல் கேட்டதாம். ஊரடங்கு, ஒருவரும் தங்கள் வீட்டுப் படலை தாண்டவில்லை. திங்கள் காலை வீடு பூட்டிக் கிடந்தது. கரையில் வள்ளம் இல்லை. சூசை தனியாகத்தான் இந்தியாவுக்குப் போனான், பிள்ளையை எங்கோ கன்னியர்மடத்தில் விட்டுவிட்டான் என்கிறார் பிலோமினாக்கா. பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன் என்கிறார் கரையில் கிழிந்த வலை பொத்துகிற ஒருவர். ரோசலின் மடம் மடமாக ஏறி இறங்குகிறாள். இதுவரை எங்கும் இல்லை.

வள்ளத்தில் போனது ஒருவரா, இருவரா? இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.