மூன்று விரதங்களுக்கு நடுவே ஒரு கறிக் கேரியர்

கேரியர் சாப்பாடு கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு ஊரார் வயிற்றின் ரகசியமெல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லத்தான் முடியாது. அடுப்படியில் நின்று கால் கடுத்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

சோறில்லாத சாப்பாடு

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, பாலக்கரை வீட்டில் சிலருக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஒருநாள் பொன்மலையிலிருந்து தங்கவேல் வந்தார். ரயில்வேயில் இருந்தவர். சர்க்கரை நோய். இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தது. "ஆட்டுக்கறி, முட்டை, நெய், அவ்வளவுதான். சோறு வேண்டாம், சப்பாத்தி வேண்டாம், காய்கூட வேண்டாம்" என்றார். செல்போனில் யாரோ சொன்ன வைத்தியமாம். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன்.

"டாக்டர் சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்கணுங்கறாரு. செல்போன்ல வர்றவரு எடுக்க வேண்டாங்கறாரு. நீங்களா இருந்தா யாரு பேச்சைக் கேப்பீங்க டீச்சர்?"

கொழுப்பு

அந்தச் சாப்பாட்டுக்குக் கொழுப்புதான் உயிராம். எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் பாய் வழக்கம்போலக் கொழுப்பைச் சீவித் தள்ளிவிட்டு நல்ல கறியாக நிறுத்தார். "அதையும் சேர்த்துப் போடுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"கொழுப்பு ஜாஸ்தின்னு சண்டை போடுறவங்களைத்தான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். பத்தலைன்னு சண்டை போடுற மொத ஆளு நீங்கதாங்க."

விசில்

ஒருத்திக்கென்று தனியாக உலை வைப்பானேன் என்று நானும் அதையே சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் வாரம் தலைவலி, எரிச்சல். பிறகு எடை இறங்கியது. மூட்டு வலியும் சற்று அடங்கியது. ஆனால் குக்கர் விசில் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. அரிசி கொதிக்கும்போது ஒரு பேச்சு இருக்கிறது. கறி கொதிக்கும்போது அப்படியில்லை. அது தனக்குத்தானே முணுமுணுக்கும். இன்னொரு சங்கடமும் இருந்தது. பெண்பிள்ளை எப்படிச் சொல்வது என்று நான் பேசாமலிருக்க, தங்கவேல் போன் செய்தார். வெகுநேரம் மழை, வெயில் என்று பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். காலையில... உங்களுக்காவது ஒழுங்கா போகுதா?"

ஆத்தாவின் சாப்பாடு

மாசிக் கடைசியில் தங்கவேலின் மனைவி சரோஜா மஞ்சள் புடவையில் வந்து நின்றார். சமயபுரத்தில் மாரியம்மன், சமைத்த படையல் எதுவும் ஏற்காமல், பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி இருக்கும் நாட்கள் அவை. புருஷன் விரலுக்காக சரோஜாவும் விரதம் எடுத்துவிட்டார். விரதம் முடியும்வரை வீட்டு வாசலுக்குள் கறி வரக்கூடாது. தங்கவேலோ கறியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இரண்டு பேருமே அந்த ஒரு விரலுக்காகத்தான் பிடிவாதமாக இருந்தார்கள். என்னோடு சண்டை போட வந்தவர், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டார்.

"ஆத்தா துள்ளுமாவும் பானகமுமா இருக்கா. இவரு கறியும் கொழுப்புமா இருக்காரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் யாரைப் போய் சாப்பிடச் சொல்றது?"

உப்பு

கேரியர் அந்த வாசலைத் தாண்டக்கூடாதென்றால், அவர் இங்கே வந்து சாப்பிடட்டும் என்றேன். எனக்கோ தவக்காலம், சாம்பல் புதனிலிருந்து கறியை நாக்கில் வைப்பதில்லை. உப்புப் பார்க்காமலே சமைத்தேன். தங்கவேல் முன்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். சரோஜா கேட்டுக்கு வெளியே, வேப்ப மர நிழலில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். என் வீட்டில் ஓர் ஆண் எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டு நெடுநாளாகியிருந்தது. நான் உள்ளே வேலையாக இருப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் வெளியிலிருந்து சரோஜா குரல் கொடுத்தார்:

"உப்பு கம்மி டீச்சர். அவரு மெல்லுற சத்தத்துலயே தெரியுது."

வியர்வை

அடுத்த வாரம் சாப்பிட உட்காரும் முன்பே தங்கவேலுக்குக் கை நடுங்கியது. சட்டை நனையும்படி வியர்வை. பேச்சு குழறியது. "என்னங்க, என்னங்க" என்று கத்திக்கொண்டு, கறி வேகும் வீடு என்பதையெல்லாம் மறந்து சரோஜா உள்ளே ஓடிவந்தார். கையில் தன் விரதத்துக்காகக் கொண்டுவந்த பானக பாட்டில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். அவர் தெளிந்ததும் ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கத்திலிருக்கும் அவருடைய டாக்டரிடம் போனோம். நெற்றியில் திருமண்ணோடு இருந்த அந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். சோற்றை அடியோடு நிறுத்தியவர், சோற்றுக்காகக் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை; சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது. கோபப்படுவார் என்று பயந்திருந்தோம். மெதுவாகத்தான் பேசினார்.

"கறியைப் பத்தி எனக்கு அனுபவமில்லை, தங்கவேல். ரத்தத்தைப் பத்தி இருக்கு. அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

விரல்

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. கொலஸ்ட்ராலும் யூரிக் அமிலமும் ஏறியிருந்தன. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்; கீரையும் காயும் மீனும் சேர்க்கச் சொன்னார்; ஒரு பிடிச் சோற்றுக்கு அனுமதி கொடுத்தார். புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றச் சொன்னார். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் இருவரும் வந்தார்கள். தங்கவேல் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். புண் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். கறிதான் என்றார் அவர். நானோ கட்டு மாற்றியதால்தான் என்றேன். சரோஜா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"விரல் இருக்குல்ல? அது போதும். யாரால இருக்குன்னு பஞ்சாயத்து வெச்சீங்கன்னா, ஆளுக்குக் கொஞ்சம் வெட்டித்தான் கொடுக்கணும்."

இப்போது அவருக்குச் சரோஜாவே அளந்து சோறு போடுகிறார். வாடிக்கையாளர் பிழைத்துக்கொண்டால் வாடிக்கை போய்விடும் இந்தத் தொழிலில், காலியான என் முன்னறை நாற்காலியைப் பார்த்து நான் சந்தோஷப்படத்தான் வேண்டும்.