நாலாம் தொட்டித் தண்ணீர்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளைப் பாசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் ஆறு தொட்டிகளிலும் தண்ணீர் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து எழுதி வைப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக ஒரே நாற்காலி. அதில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தவள் இல்லை.

நாலாம் தொட்டியில் மட்டும் பாசி திட்டுத்திட்டாகத் திரண்டது. திரளும்போதெல்லாம் கூடவே ஒரு வகை பாக்டீரியாவும் இருந்தது. மேலதிகாரியிடம் சொன்னாள்.

"தண்ணி குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் எழுதும்மா."

அப்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. நுண்ணுயிர்களுக்குள் நடக்கும் இடைவினைகளை ஆராய முனைவர் பட்டத்துக்கு மூன்று இடங்கள். வயது வரம்பு இல்லை. அவளுக்கு நாற்பத்தொன்று. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அறிவிப்பை வாங்கிப் படித்தார்.

"இடைவினையா? நாம பதினெட்டு வருஷமா பண்றோமே, அதுக்குப் பட்டம் தர மாட்டாங்களா?"

"விளையாடாதீங்க. போடட்டுமா, வேணாமா?"

"போடு. இல்லன்னா குறுக்க நெடுக்க நடந்தே தரையத் தேச்சிடுவே."

நேர்முகத்தில் பேராசிரியை அவள் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"எம்.எஸ்சி முடிச்சு இத்தனை வருஷம் என்ன படிச்சீங்க?"

"படிக்கல மேடம். பாத்துட்டு இருந்தேன். நாலாம் தொட்டித் தண்ணிய."

பாக்டீரியாதான் பாசியைத் திரட்டுகிறது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாலாம் தொட்டி மேல வெயில் படுமா?"

"படாது. பக்கத்துக் கட்டட நிழல்."

"அப்போ காரணம் பாக்டீரியாவா, நிழலா?"

"தெரியல மேடம்."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மடித்தவள் பாதியில் விட்டுப் போனாள். போனை எடுத்தாள், வைத்தாள்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தா மெயில் சீக்கிரம் வந்துருமாம்மா?" என்றாள் மகள்.

மெயில் மூன்றாம் வாரம் வந்தது. இடம் இல்லை. அவள் அழவில்லை, பாக்டீரியாவா, நிழலா என்ற கேள்விதான் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாளே நாலாம் தொட்டித் தண்ணீரை நாலு கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து, இரண்டை ஜன்னல் வெயிலிலும் இரண்டை அலமாரிக்குள்ளும் வைத்தாள். பாக்டீரியா நாலிலுமே இருந்தது. பன்னிரண்டு நாளில் அலமாரிக்குள் இருந்தவற்றில் மட்டும் பாசி திரண்டது.

பேராசிரியைக்கு எழுதினாள்: "நான் சொன்னது பாதி தப்பு. நிழல் இல்லாமல் பாக்டீரியாவால் மட்டும் பாசியைத் திரட்ட முடியவில்லை."

இரண்டு நாளில் பதில் வந்தது: "பாக்டீரியாவை வடிகட்டிவிட்டு நிழலில் வைத்துப் பார்த்தீர்களா?"

வைத்தாள். திரளவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் திரள்கிறது என்று தெரிந்தபோது நிலையத்து ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. சொல்ல ஆள் தேடி வாசல் காவலாளி வரை போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லதாம்மா, கெட்டதா?" என்றார்.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தாள். அந்தக் குடுவைக் கணக்குகளையும் இணைத்தாள். இடம் கிடைத்தது. ராஜினாமாக் கடிதத்தை நாலு முறை கிழித்து, ஐந்தாவதைக் கொடுத்தாள். இப்போது ஆய்வு மாணவர்களில் அவள்தான் மூத்தவள். கையெழுத்து வாங்க வந்து உட்கார்ந்திருக்கும் அலுவலர் அவளைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நிற்கிறார்.


"உக்காருங்க சார், நான் ஸ்டூடண்ட்," என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுகிறாள்.