வெளிர்பச்சைப் பருத்தி

அவளுக்குக் குப்பைக்காரி என்று பெயர் வைத்தது அண்ணி. கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு, அண்ணன் வீட்டின் பின்னறையில் அம்மாவோடு ஒண்டிக்கொண்டவள் அவள். அண்ணன் உரக்கடைக்காரன். தங்கச்சி சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது கண்ணை உறுத்தியதால், கடைக்குப் பின்னால் கிடந்த இரண்டு ஏக்கர் பருத்தி நிலத்தை அவள் தலையில் கட்டினான். நான்கு வருடம் மாடாய் உழைத்து அவள் அதைத் தன் சோறாக்கிக்கொண்டாள்.

ஐந்தாம் வருடம்தான் வினை. எத்தனை யூரியா கொட்டினாலும் மண் இறுகிக்கொண்டே போவதைப் பார்த்துச் சலித்தவள், பருத்தி எடுத்து முடித்த காய்ந்த செடிகளை, பருத்திமாரை, துண்டு துண்டாக வெட்டிச் சாணம் கரைத்து ஊற்றி, ஆறு மாதம் புரட்டிப் புரட்டிக் கம்போஸ்ட் ஆக்கினாள். தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியை வெல்லக் கரைசலில் குழைத்து, விதையை அதில் பிரட்டி, நிழலில் உலர்த்தி ஊன்றினாள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தாள்.

உரக்கடைக்காரனின் தங்கச்சியே உரம் வேண்டாம் என்றால் கடைக்கு வருகிறவன் என்ன நினைப்பான்? அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“போன வருஷத்த விட ஒரு மூட்டை பருத்தி கொறஞ்சாலும் நிலத்த எடுத்துக்குவேன். அப்புறம் வந்து அழக்கூடாது.”

“அழ மாட்டேண்ணே,” என்றாள். அந்தத் திமிர்தான் அவளிடம் மிச்சமிருந்த சொத்து.

செடி நன்றாகத்தான் வந்தது. நிறம்தான் வெளிர்பச்சை. அளவாகத் தின்ற பருத்தி அப்படித்தான் இருக்கும், சத்து இலையில் தங்காமல் காய்க்குப் போகும். ஆனால் கருகருவென்ற வயல்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பட்டினியின் நிறம். போகிறவர் வருகிறவர் எல்லாம் வரப்பில் நின்று துக்கம் விசாரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டாள். அம்மாவால் சிரிக்க முடியவில்லை.

காய் பிடிக்கும் சமயத்தில் அவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து போய்ப் பார்த்தால் வயல் கரும்பச்சையாகக் கறுத்திருந்தது. உரக் குருணை விழுந்த இடங்களில் இலைகள் பொட்டுப் பொட்டாய்க் கருகியிருந்தன. வீட்டுக்குத் திரும்பினால் கொடியில் ஒரு யூரியா சாக்கு. காலிச் சாக்கை எறிய மனம் வராமல் அம்மா கழுவிக் காயப்போட்டிருந்தாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணின?”

“உங்கண்ணன்தான் கொடுத்தான். அவ ரோஷக்காரி, சொல்லாம போட்டுடுன்னான். நிலம் போயிட்டா நீ எங்கடி போவ?”

அவள் சாக்கைக் கொடியிலிருந்து உருவி எறிந்தாள். ஆனாலும் அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் அவள் பயந்தபடியே நடந்தது. செடி தளதளவென்று மார்பு உயரம் வளர்ந்தது. இளம் இலையைத் தேடி அசுவினியும் தத்துப்பூச்சியும் அடை அடையாய் வந்தன. காற்றுப் புகாத நிழலில் அடிக்காய்கள் அழுகின. எடை போட்டபோது மூன்று மூட்டை குறைந்திருந்தது.

“குப்பையைப் போட்டா குப்பைதான் விளையும்,” என்றான் அண்ணன், தராசைச் சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி.

“உன் யூரியாதான் கெடுத்துச்சு. அம்மாகிட்ட மூட்டையக் கொடுத்தது நீதானே?”

“நானா?” அவன் திரும்பினான். “நான் கொடுத்தேனாம்மா?”

அம்மா அண்ணியைப் பார்த்தாள். மூன்று வேளையும் தட்டில் சோறு போடுகிறவள் அவள்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இவ குப்பையத்தான் போட்டா.”

அவள் அழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான்.

நிலத்தை எடுத்துக்கொண்டதோடு, அடுத்த பருவத்துக்கென்று அவள் மக்க வைத்திருந்த குவியலையும் அண்ணன் விடவில்லை. அதை வாரி நிலம் முழுக்க இறைத்தான். கடைக்கு வந்தவர்களிடம் மூட்டை மூட்டையாய் யூரியா போடச் சொன்னவன், தன் வயலில் கமுக்கமாகப் பாதிதான் போட்டான். வெளிர்பச்சையில் வயல் நின்றது. யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. முதலாளி நிலம் அல்லவா.

அந்த வருடம் காய் வெடித்தபோது, கூலிக்குப் பருத்தி எடுக்க வந்தவர்களில் அவளும் இருந்தாள். மடி நிறைந்துகொண்டே இருந்தது. உச்சி வெயிலில் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று வயலைக் கண்குளிரப் பார்த்தாள்.

“பாத்தியா, அவன் கைபட்டதும் எப்படி விளையுது. நீயும் அவன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.”

அவள் தண்ணீரைக் குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு குனிந்து அடுத்த செடியில் கை வைத்தாள்.